குழாயடியில் தலைமையாசிரியர்

அறுபதுகளில் தாராவியில் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளியின் தலைமையாசிரியர், பரீட்சை நாட்களில் மட்டும் தாமதமாக வருவார். கறுப்புக் கோட்டு மடிப்பு கலையாமல் இருக்கும். காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருக்கும். அவரை வேலையில் வைத்துக்கொள்வதா என்று பள்ளிக் கமிட்டி முடிவெடுக்க வேண்டியிருந்தது. கமிட்டி உறுப்பினனான நான் ஒரு பரீட்சை நாள் காலையில் அவர் பின்னாலேயே போனேன்.

பொதுக்குழாய் வரிசையில் அவர் ஒன்பது குடங்களை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"கார்ப்பரேஷன் எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா சார்?" என்றேன்.

"ஏழாங்கிளாஸ் பிள்ளைக வீட்டுக் குடம் சார். அம்மமாரு வேலைக்குப் போயிட்டாக. பிள்ளைக இங்க நின்னா பரீட்சைய யாரு எழுதுவா?"

"கமிட்டியிலே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, பியூன அனுப்புன்னு சொல்லுவீக. அவன நம்பி யாரு குடம் தருவா?"

பின்னால் நின்ற பெண், "சாரு, பேச்ச விட்டுட்டுக் குடத்த நவுத்துங்க" என்றாள். அவர் நகர்த்தினார்.

அவர் நீடிக்கட்டும் என்று கமிட்டியில் கை தூக்கினேன். ஆனாலும் அடுத்த இரண்டு தேர்தல்களிலும் சுவரொட்டிகளில் அவர் பெயரைத் தேடினேன். எங்கும் இல்லை. பிறகு அவருக்கு இதில் என்னதான் ஆதாயம்? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.