நடுவில் ஓட்டை உள்ள தட்டு

பேய், ஆவி என்று யாராவது பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெரம்பலூரில் ஒரு கல்லூரியின் பிசிக்ஸ் லேபில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன், கண்ணால் பார்த்ததையே மூன்று தடவை அளந்துதான் நோட்டில் எழுத வேண்டும் என்று பழகிப்போன கை இது. அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். ஆனால் நடந்ததைத்தான் சொல்கிறேன், அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.

பழைய பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தேடி வாங்கிச் சுத்தம் செய்து எரியவிடுவதில் எனக்கு ஒரு பைத்தியம். விளக்கின் தலையில் குடை மாதிரி கவிழ்ந்திருக்குமே, வெளிச்சத்தைக் கீழே தள்ளுகிற எனாமல் தட்டு, அது அசலாகக் கிடைப்பதுதான் கஷ்டம். இப்போது வருவதெல்லாம் தகரத்தில் வெள்ளை பெயிண்ட் அடித்தது. பழசைச் சுண்டினால் மணி மாதிரி கேட்கும், விளிம்பில் பெயர்ந்த இடம் கறுப்பாகத் தெரியும்.

திருமழபாடி தாண்டி ஒரு ஊர், பெயர் வேண்டாம், அங்கே ஒரு வீட்டில் விளக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு அன்று காலையில் போனேன். அந்த மனிதருக்கு அறுபது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பித்தளை விளக்கைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். தட்டு எங்கே என்று கேட்டேன்.

"அது எப்பவோ தொலைஞ்சு போச்சும்மா."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "மாட்டுக் கொட்டாயில கெடக்குல்ல?" என்றார். அவர் திரும்பி மனைவியை முறைத்ததைக் கவனித்தேன், ஆனாலும் எனக்கு ஆசை, நானே கொட்டகைக்குப் போய் எடுத்தேன். தரையில் மல்லாக்கக் கிடந்தது. விளக்கின் தலை நுழைகிற ஓட்டையில் கந்தல் துணியைச் சுருட்டி இறுக்கி அடைத்திருந்தார்கள்.

பணம் கொடுத்து விளக்கையும் தட்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, தட்டைக் கொல்லையில் துவைக்கிற கல்மேல் வைத்து முதலில் அந்தத் துணியைப் பிடுங்கினேன். வந்த நாற்றத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இந்த மாதிரித் தட்டில் வழக்கமாக இருப்பது புகைக்கரியும், சூட்டில் பொரிந்து ஒட்டிய பூச்சிகளின் பிசுக்கும்தான். இரண்டும் ஓட்டையைச் சுற்றித்தான் இருக்கும், சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் ஊறவைத்து சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் கறுப்பாகக் கழன்று வரும், கம்பி நார் மட்டும் போடக் கூடாது, பளபளப்பு போய்விடும். இதிலோ அழுக்கு விளிம்பைச் சுற்றி அடை அடையாக இருந்தது. வெந்நீர் பட்டதும் கரையவில்லை, உப்பியது. மூங்கில் சிம்பால் சுரண்டி விரலில் நசுக்கிப் பார்த்தேன். சோறு. காய்ந்து காய்ந்து அடுக்கடுக்காக ஒட்டிய சோறு, நடுநடுவே நரைமுடி. நகக்கண்ணெல்லாம் ஏறிவிட்டது. குமட்டிக்கொண்டேதான் தேய்த்தேன், பால் மாதிரி வெள்ளையாக வந்தது. வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன், ஒரு வாய் இறங்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் தட்டில் ஈரமாகப் புளித்த கஞ்சி. விளிம்பிலிருந்து நடுவரைக்கும் நான்கு விரலால் வழித்த தடம். காக்கையோ பூனையோ என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மறுபடி கழுவினேன், இந்தத் தடவை நகராமல் எதிரிலேயே நின்றேன். தட்டில் நீர் முத்து முத்தாக நின்றது. நீங்கள் நம்புகிறீர்களோ இல்லையோ, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பீங்கானில் நகத்தால் சுரண்டினால் பல் கூசுமே அந்தச் சத்தத்தோடு, நீர்முத்துகளுக்கு நடுவே நான்கு கோடு இழுபட்டது. அப்புறம் இன்னொரு தடவை, அவசர அவசரமாக, காலித் தட்டை வழிக்கிற மாதிரி. கூடவே நாக்கால் நக்குகிற சத்தம். எனக்குப் பயமே வரவில்லை, அருவருப்புதான் வந்தது, அங்கேயே வாந்தி எடுத்துவிட்டேன்.

ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டுகிற என் கணவர் அப்போதுதான் வீட்டுக்கு வந்தார். கொல்லைக் கதவைத் திறந்தவர் மூக்கைச் சுளித்து அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னடி இது, ஊசிப்போன நாத்தம்? யாரு அங்க சுரண்டுறது?"

அவருக்கும் கேட்டிருக்கிறது. இல்லாவிட்டால் என் மூளையைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

மறுநாள் லீவு போட்டேன். தட்டை இன்னொரு முறை தேய்த்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த வீட்டு வாசலில் மனைவி மட்டும் இருந்தார். நான் பையைத் திறந்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

"இத எதுக்கு வச்சிருந்தீங்க?" என்றேன்.

"எங்க மாமனாருக்கு இதுலதாங்க சோறு போட்டோம். கை நடுக்கம், மத்த தட்டையெல்லாம் தட்டி வுட்டுருவாரு, இது கனமா இருக்கும்ல. படுத்த எடத்துலயே எல்லாம் போயிருவாரு, நாத்தம் வூட்டுக்குள்ள தாங்கலன்னு இவுங்கதான் கொட்டாயில கொண்டாந்து போட்டாங்க."

"எத்தன நாளு?"

"நாலு வருஷம் கெடந்தாரு. போன ஆடியிலதான் போய்ச் சேந்தாரு."

முந்தின நாள் அந்த வீட்டுக் காபியை வாங்கிக் குடித்தோமே என்று நினைத்தேன். கஞ்சியைவிட அதுதான் தொண்டைக்கு ஏறி வந்தது.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "தேச்சுட்டு சோறு வச்சீங்களா?"

"எதுக்கு வைக்கணும்?"

"காலியா வைக்கக் கூடாதுங்க. ஒரு கை வச்சுட்டா சத்தம் போடாது. நாங்க தெனமும் வைக்கிறோம்."

தட்டை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஓட்டையில் துணியை அடைத்துத் தரையில் வைத்ததும் அந்தச் சத்தம் தொடங்கிவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து அந்த மனிதரின் குரல் வந்தது, "சீக்கிரம் வச்சுத் தொலைடி!"

மனைவி ஓடிப்போய்ச் சோறு எடுத்துவந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எட்ட நின்று வீசினார். சத்தம் நின்றது.

அன்று கொட்டகையில் எந்த நாற்றமும் இல்லை. மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டுத் தரையைக் கழுவி விட்டிருந்தார்கள், தட்டும் நான் தேய்த்த தட்டு. செத்துப்போன மனிதருக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டா சோறு வைப்பார்கள், என்ன ஜென்மங்கள் என்று காறித் துப்பாத குறையாகத் திரும்பி நடந்தேன். பஸ் வந்து, ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் "எங்கம்மா போகணும்?" என்று கேட்டு, பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் பார்க்கிறேன், என் முந்தானை என் மூக்கின்மேல் இருந்தது. எப்போது பொத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.