ஊறாத தோல்

இரண்டாவது உலகச் சண்டைக் காலம். மேட்டூர் அணை ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்தவரிடம் ஒரு மோட்டார் படகு இருந்தது. அதற்கு டிரைவர், மெக்கானிக், கழுவித் துடைக்கிறவன் எல்லாம் நான்தான். ஓமலூரில் பஸ் இன்ஜின் பழகிய கை. எனக்குத் தெரியாத இன்ஜினே கிடையாது என்று ஊரெல்லாம் பீற்றி வைத்திருந்தேன்.

அதை நம்பி, மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் தம் பெண்ணை எனக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. காடு, கிணறு, பட்டி நிறைய ஆடு உள்ளவர். அந்தப் பெண்ணை நான் ஒரு திருவிழாவில் பார்த்திருக்கிறேன். இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்ட மடையன் நான்.

பார்த்து அந்த வாரமா பம்ப் கெட்டுப்போக வேண்டும்? டாங்கியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இன்ஜினுக்குத் தள்ளுகிற சின்ன பம்ப். உள்ளே வட்டமாக ஒரு ரப்பர் துணி ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அது கிழிந்துவிட்டது. மெட்ராஸிலிருந்து வேறு பம்ப் வர வழியில்லை. நான் சும்மா இருப்பேனா? ஆட்டுத் தோலை வட்டமாக வெட்டி உள்ளே வைத்து முடுக்கினேன். கரையில் இன்ஜின் ஜம்மென்று ஓடியது.

வந்தவரை ஏற்றிக்கொண்டு நடு ஏரிக்குப் போனேன். இன்ஜின் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றது. பம்பைக் கழற்றினால், தோல் அப்பளமாய் விறைத்துக் கிழிந்திருந்தது. தோல் மட்டம், இப்போதெல்லாம் நல்ல சரக்கு எங்கே கிடைக்கிறது என்று அளந்துவிட்டேன். எந்த ஊர்த் தோல் என்று கேட்டார். என் வாயில் சனி உட்கார்ந்திருந்தது; மேச்சேரி என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்து, தண்ணீர் மொள்ளும் தோல் சாலோடு வாழ்ந்த மனிதர் அல்லவா?

"எங்கூரு ஆட்டுத் தோலக் கொறை சொல்லாதீங்க தம்பி. எண்ணெயில ஊறப் போட்டீங்களா?"

"இல்லீங்க. உங்களுக்கு ஓட்டிக் காட்டோணும்னு அவசரப்பட்டுட்டனுங்க. தப்பு எம்மேலதானுங்க."

அவர் மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்தார். போச்சு, பெண் போச்சு என்று நினைத்தேன்.

கரை சேர ஒரே வழிதான் இருந்தது. பெட்ரோல் டின்னை இன்ஜினுக்கு மேலே உயர்த்திப் பிடித்தால், பம்ப் இல்லாமலே குழாய் வழியாகப் பெட்ரோல் தானாக இறங்கும். நான் படகைத் திருப்புவதா, டின்னைப் பிடிப்பதா? கூசிக் கூசி அவரிடம் கேட்டேன். பற்றவைக்க எடுத்த சுருட்டை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார்.

அரை மணி நேரம். பெரிய பண்ணையக்காரர், தலைக்கு மேல் டின்னைத் தூக்கிக்கொண்டு நின்றார். பெட்ரோல் அவர் தலையில் கட்டியிருந்த ஜரிகை உருமாலில் சொட்டியது. நான் திரும்பியே பார்க்கவில்லை; அவ்வளவு பயம். கரை தெரிந்தபோது முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது.

"கை மரத்துப் போச்சுங்க மாப்ள. செத்த வெரசா உடுங்க."

அதுவரைக்கும் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். படகு ஏற்கெனவே முழு வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஆகட்டுங்க மாமா" என்றேன்.