விழாத பிரேக்கர்

மலையூரான அட்டுவம்பட்டியில் கரண்ட் வேலைக்கு ராஜமுருகனைத்தான் கூப்பிடுவார்கள். சீசனில் காட்டேஜ்களில் ஹீட்டரும் கீசரும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுவிடும். தங்க வந்தவர்கள் குளிரில் கத்துவார்கள். அவர் ஒயரை அப்படியே விட்டுவிட்டு, பெரிய பிரேக்கராக மாட்டுவார். "இனி விழாதுங்க" என்பார். விழாது.

2008இல் அதே ஊர் ஹெலன் டீச்சர் சின்னதாக ஒரு மின்சாரக் கார் வாங்கினார். கார் சார்ஜில் இருக்கையில் கீசரைப் போட்டால் பதினாறு ஆம்ப்ஸ் பிரேக்கர் விழுந்தது. ராஜமுருகன் வழக்கம்போல முப்பத்திரண்டை மாட்டினார்.

கீசர் அரைமணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கார் மணிக்கணக்கில் கரண்ட் இழுக்கும், அதன் மேல் கீசரும் சேரும். அதை அவர் யோசிக்கவில்லை. மறுவாரம் ஒரு காலையில், கருகல் வாடை அடிக்கிறதென்று டீச்சர் ஆளனுப்பினார். கூரைப் பலகையைக் கழற்றினால், மெலிந்த பழைய ஒயர் உருகி ஒட்டிக் கிடந்தது. பலகை கருகியிருந்தது. நேர் கீழே டீச்சரின் பேத்தி படுக்கும் கட்டில்.

"இவ்வளவு கருகியிருக்கு, பிரேக்கர் ஏன் விழல?"

"ஒயர் சூடாகுமுன்ன அது விழுகணும் டீச்சர். நான்தான் விழவிடாமப் பண்ணிட்டேன்."

டீச்சர் திட்டவில்லை. "டீ ஆறுது, குடிங்க" என்றார். ராஜமுருகன் டம்ளரை ஓரமாக வைத்தார். கட்டிலில் கிடந்த பொம்மையைப் பார்க்காமலே தடித்த ஒயரை இழுத்து முடித்தார்.

அங்கிருந்து நேராக, முன்பு பெரிய பிரேக்கர் மாட்டிவிட்டிருந்த பக்கத்துக் காட்டேஜுக்குப் போனார். காவலாளி சோலைமுத்து சிரித்தார். "என்ன மாப்ள, கூப்பிடாம வந்திருக்க? இங்க ஒண்ணும் விழலயே!"

"அதான்யா வந்தேன்" என்றார் ராஜமுருகன், தலையைத் தூக்காமல். "மெயினை அணை."