சவர்க்காரத்தில் கட்டிய நூல்

ஜனாஸா அறிவித்தலைக் கேட்டேன். இறந்தது யாரென்று தெரியவில்லை.

காரைதீவில் எங்கள் வீடு ஊரின் வடக்கு எல்லையில் இருக்கிறது. காற்று வாய்த்தால் சாய்ந்தமருதுப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி முற்றம்வரை கேட்கும். அன்று காலை ஒரு தகப்பனின் பெயர் வந்தது. ஒரு கணவனின் பெயர் வந்தது. இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமான... அந்த இடத்தில் காற்று திரும்பிவிட்டது. நான் தேநீரைக் குடித்து முடித்தேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் கந்தோர்ப் பியோன் லெவ்வை காக்கா சைக்கிளில் வந்து படலையில் நின்றார்.

"நம்மட ஹாஜறா மௌத்தாகிட்டா, தங்கச்சி."

நீர்ப்பாசனக் கந்தோரில் ஹாஜறா ராத்தாவோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் வரைந்த வாய்க்கால் படங்கள் உங்களுக்குத் தெரியும். அவர் இடுப்பில் கட்டிய சவர்க்காரத்தைப் பற்றிச் சிலர் கேட்டுச் சிரித்திருப்பீர்கள். அது ஏன் என்பது எனக்குத்தான் தெரியும்.

பல்கலைக்கழகத்தை விட்டு வந்து நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு நோன்பு மாதத்தில். பெண்களில் பகலில் சாப்பிடுகிறவர்கள் இருவர்தான். நான் சைவ சமயத்தவள். அவர் சீனி வருத்தக்காரி. படம் வரைகிற அறையின் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவோம். "மீன் கொண்டு வராத, புள்ள. மத்தவங்கட மூக்குக்காக நாம கொஞ்சம் நோன்பு பிடிப்பம்" என்றார் முதல் நாளே.

சிறு வயதிலிருந்து அவருக்கு இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். விட்டுப்போன ஒவ்வொரு நோன்புக்கும் அவர்கள் வீட்டில் ஓர் ஏழைக்குச் சோறு கொடுத்தார்கள். "சோறு குடுக்கிறது வேற, பசிச்சிரிக்கிறது வேற. அந்தப் பசி என்னெண்டு ஒருக்காப் பாக்கணும் எனக்கு" என்றார். ஏக்கமாகச் சொல்லவில்லை. போகாத ஊரைப் பற்றி விசாரிப்பது போலச் சொன்னார்.

அடுத்த நோன்புக்கு அவருடைய தம்பி ஸமீம் லண்டனிலிருந்து வந்தார். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. கந்தோருக்கே வந்து ஒரு படத்தைக் காட்டினார். இடுப்பில் கட்டுகிற சிறிய பம்ப். அதிலிருந்து மெல்லிய குழாய் வயிற்றுத் தோலுக்குள் போகிறது. இன்சுலினை நாள் முழுக்கத் துளித்துளியாக விடும். சாப்பாட்டு நேரத்தை முன்பின் தள்ளலாம்.

"அப்ப நோன்பு?"

"டொக்டர்தான் சொல்லணும். ஆனா வழி இரிக்கி. பெருநாள் முடிய நான் போயிருவன் ராத்தா. அதுக்குள்ள ஓம் எண்டு சொல்லுங்க, மத்ததெல்லாம் நான் பாக்கிறன்."

ராத்தா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப நான் செய்யிறது குளத்த உடைச்சு வயல நிரப்பிற மாதிரி. இது துருசு வைச்சு அளவாத் திறந்து தண்ணி விடுறது. நல்ல வேல." பிறகு கேட்டார்: "குழாய் கழண்டா அதுக்குத் தெரியுமா?"

பற்றரி முடிந்தால் சத்தம் போடும், குழாய் தோலிலிருந்து கழன்றால் தெரியாது என்றார் ஸமீம். ஊசி மருந்து அரை நாளாவது உடம்புக்குள் தங்கும். இதில் அப்படிச் சேமிப்பு இல்லை. நின்றால் சில மணித்தியாலத்தில் ஆபத்து.

"அப்ப துருசு இரிக்கி, வட்டவிதானை இல்ல" என்றார் ராத்தா. வயலுக்குத் தண்ணீர் வருகிறதா என்று வரம்பில் நடந்து பார்க்கிறவர்தான் வட்டவிதானை.

தேநீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்த லெவ்வை காக்கா இடையில் புகுந்தார். "நாள் முழுக்க உள்ள போய்க்கொண்டிருந்தா நோன்பு கூடுமா, புள்ள?"

"அதக் கேக்கப் பள்ளியில ஹஸ்ரத் இரிக்காரு, காக்கா. மெஷின் நிண்டா என்ன செய்யிறதெண்டு கேக்கத்தான் ஆளில்ல."

அடுத்த நாள் இடுப்பில் ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளே குளிக்கிற சவர்க்காரக் கட்டி. பம்ப் அந்த அளவுதானாம். பையிலிருந்து தடித்த நூலொன்று சாறிக்குள் போய் வயிற்றில் பிளாஸ்டரால் ஒட்டியிருந்தது. "வாங்கிறதுக்கு முதல் கட்டிப் பாப்பம்" என்றார். அதோடு நிந்தவூர் பஸ்ஸில் நெரிபட்டார். தொழுதார். ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைக்கும்போது குத்துகிறதென்று பையை முதுகுப் பக்கம் தள்ளினார். ஒருநாள் மறந்துபோய் அதோடு கிணற்றில் அள்ளிக் குளித்துவிட்டார். "நம்மட பம்ப் நுரைக்குது" என்று மறுநாள் சொன்னபோது, நோன்பு பிடித்திருந்தவர்கள்கூட வாய்விட்டுச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் என்னிடம் அந்த வேலையைத் தந்தார். "ஒருநாள் எனக்குத் தெரியாம இந்த நூல அறுத்து விடு. எப்பெண்டு சொல்லாத. எவ்வளவு நேரத்தில கண்டுபிடிக்கிறன் எண்டு பாப்பம்."

படத்தில் மைப் பிழை சுரண்டுகிற பிளேட்டால் அறுத்தேன். அவர் வரைபலகையில் குனிந்து ஒரு மதகின் கோட்டை இழுத்துக்கொண்டிருந்தார். கோடு அசையவில்லை. நான் என் இடத்துக்கு வந்தேன். வெட்டுண்ட நூல் சாறி மடிப்புக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பின்னேரம்வரை அதையே பார்த்திருந்தேன். அவர் இரண்டு தடவை பையைத் தொட்டுப் பார்த்தார். பை இருந்தது. பாரம் இருந்தது.

மறுநாள் காலை உள்ளங்கையில் நூலோடு வந்தார்.

"எப்ப?"

"நேற்று, சாப்பிட்ட கையோட."

நூலை வரைபலகையில் வைத்தார். "பஸ்ஸில போனன். கஞ்சி காய்ச்சினன். நோன்பு திறக்க வந்த ஆக்களோட சிரிச்சன். படுத்தன், எழும்பினன். சாறி மாத்தக்குள்ளதான் கண்டன்."

"நல்லாத்தானே இருந்தீங்க" என்றேன்.

"ஓம். அதான் புள்ள பயம்."

ஸமீம் விடவில்லை. அவர்கள் வீட்டு விறாந்தையில் நானும் இருந்தேன். "ராத்தா, அது வெறும் நூல். மருந்து உண்மையா நிண்டா உடம்பு சொல்லும். முதல்ல தாகம் எடுக்கும்."

"நோன்பில எல்லாருக்கும்தான் தாகம் எடுக்கும், தம்பி. எது எந்தத் தாகமெண்டு நான் எப்படிக் கண்டுபிடிக்கிற?"

ராத்தா எதற்காக அந்தப் பம்பை விரும்பினாரோ, அந்த நோன்பே அதன் எச்சரிக்கையை மறைத்துவிடும். பெருநாள் முடிந்ததும், தம்பியிடம் வேண்டாம் என்றார்.

"படிச்ச ஆள் மாதிரி நீங்க கதைக்கல்ல" என்றார் தம்பி, கோபத்தோடு.

"கட்டிப் பாத்த ஆள் மாதிரிக் கதைக்கிறன்."

கதவை அவர் முழுதாகச் சாத்தவில்லை. தம்பி லீவில் வரும்போதெல்லாம் கேட்பார்: "அந்த மெஷின் இப்ப கத்தப் பழகிட்டா?" ஒரு வருடம் நான் கந்தசஷ்டி விரதம் இருந்தேன். வரைபலகையைத் தள்ளிவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். "சொல்லு, பசி எப்படி இரிக்கி?" முதலில் வயிற்றில் இருந்தது, இப்போது காதில் இருக்கிறது என்றேன். "காதிலயா?" என்றார். அன்று முழுவதும் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் சிறுநீரகம் பழுதாகித்தான் போனார். அன்று ஓம் என்றிருந்தால் இன்னும் சில வருடம் இருந்திருப்பாரா? தெரியாது. ஜனாஸா வீட்டில் யாரும் கேட்கவில்லை. ராத்தா இருந்திருந்தால் கேட்டிருப்பார், தன்னைப் பற்றியே என்றாலும்.

அந்தச் சவர்க்காரத்தைப் பெருநாளோடு அவர்கள் வீட்டில் கரைத்துத் தீர்த்துவிட்டார்கள். அவருடையதென்று என்னிடம் பொருள் எதுவும் இல்லை. ஒரு பழக்கம் இருக்கிறது. எல்லாம் சரியாக நடப்பதாகத் தோன்றும்போது கை தானாக இடுப்புக்குப் போகும், நூல் இருக்கிறதா என்று பார்க்க.

அறிவித்தல் கேட்ட அன்று காலை கை போகவில்லை. இன்னாரின் மகளும் இன்னாரின் மனைவியுமான யாரோ ஒருவர் என்று கேட்டுக்கொண்டே தேநீரைக் குடித்து முடித்தேன். நன்றாகத்தான் இருந்தேன்.