மேவிஸின் ஆண் குரல்

ஷெஃபீல்டில் கரண்டி மெருகேற்றும் பட்டறையில் மேவிஸ் ஹெப்வொர்த் வேலை செய்தாள். அங்கே சுழலும் மெருகுச் சக்கரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி அவள் குரல் கீச்சென்று கூர்மையாகிவிட்டது. எங்கள் இசைக்குழுவுக்கு அப்படிப்பட்ட குரல்தான் வேண்டியிருந்தது. டிரம்ஸ் ட்ரெவர், பேஸ் கிட்டார் நான், பாட்டு அவள். கோபக்காரப் பாட்டுகள்தான், ஆனால் கால் சும்மா இருக்காது.

முதல் இசைத்தட்டில் அவள் எழுதிய பாட்டைத்தான் பதிந்தோம். கூட வேலை செய்யும் ஐவியின் இரண்டு விரல்களைச் சக்கரம் தின்றுவிட்டது. "உன் கவனக்குறைவு" என்று முதலாளி கைகழுவினார். அந்த வயிற்றெரிச்சலில் எழுதியது. "ஐவி, ஐவி" என்று கூப்பிட்டுக்கொண்டே போகும்.

தட்டை எந்த வேகத்தில் சுழற்ற வேண்டும் என்று அச்சிட மட்டும் மறந்துவிட்டோம். சின்னத் தட்டுக்குரிய அதிக வேகத்தில் பதிந்த பாட்டு, பெரிய தட்டில் வந்திருந்தது. நடன விடுதிக்காரர்கள் என்ன செய்வார்கள்? பெரிய தட்டாயிற்றே என்று மெதுவாகச் சுழற்றினார்கள். என் பேஸ் நிலத்தடியிலிருந்து உறுமுவதுபோல் வந்தது. மேவிஸின் குரல் தடித்த ஆண் குரலாகிவிட்டது. ஜனங்கள் பைத்தியமாக ஆடினார்கள். லீட்ஸிலும் ஹல்லிலும் பையன்கள் தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு அதேபோல் பாடக் கிளம்பிவிட்டார்கள். அந்தத் தடித்த குரலுக்கே தனி மவுசு வந்தது.

ஊரின் பெரிய நடன விடுதி எங்களைக் கூப்பிட்டது, ஒரே நிபந்தனையோடு: தட்டில் பாடிய அந்த ஆள் மேடைக்கு வர வேண்டும்.

"அந்த ஆளே நான்தான்னு சொல்ல வேண்டியதுதானேடா?" என்றாள் மேவிஸ்.

"சொன்னேன், விடுதிக்காரன் சிரிக்கிறான்," என்றான் ட்ரெவர். "என் மச்சான் ரோனிக்கு நல்ல கட்டைக் குரல். இன்னிக்கு ஒரு நாள் ஓரமா நில்லு கண்ணு. இத விட்டா நமக்கு வேற மேடை கிடையாது."

எனக்கு அவனை அறையலாம்போல் இருந்தது. ஆனால் எனக்கும் அந்த மேடை வேண்டியிருந்தது. மேவிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு திரை ஓரமாகப் போய் நின்றாள். கூட்டத்தின் முன்வரிசையில் பட்டறைப் பெண்களோடு ஐவியும் வந்து நின்றாள்.

மெதுவான தாளத்தில் தொடங்கினோம். ரோனி வாயைத் திறந்ததும் "அதே குரல்!" என்று கூட்டம் அலறியது. அவன் பாட்டைத் தட்டைக் கேட்டுத்தான் படித்திருந்தான். மெதுவாக ஓடிய தட்டில் "ஐவி" இழுபட்டு "ஹெவி" ஆகியிருந்தது. "ஹெவி, ஹெவி" என்று அவன் பாட, கூட்டமும் "ஹெவி!" என்று குதித்தது. கனத்தைப் பற்றிய பாட்டு என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது! ஐவி சுற்றிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது.

மேவிஸ் விறுவிறுவென்று வந்து ரோனியின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். நான் வாசிப்பதை நிறுத்தினேன். ட்ரெவர் பல்லைக் கடித்தான்.

"ஹெவியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஐவி! பொம்பள பேரு. அந்தத் தட்டுல பாடினவ நான்."

"போம்மா! அந்த ஆள விடு!" என்று ஒருவன் கத்தினான். பீர்க் குவளை ஒன்று பறந்து வந்து அவள் தோளில் பட்டது. விடுதிக்காரர் விளக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"ட்ரெவர், நாம பதிஞ்ச வேகத்துல அடி," என்றாள் மேவிஸ்.

அவன் அசையவில்லை. இந்த ஊரில் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று தெரிந்தே பேஸை வேகமாக வாசிக்க ஆரம்பித்தேன். ட்ரெவர் கெட்ட வார்த்தை ஒன்றைத் துப்பிவிட்டு டிரம்ஸில் இறங்கினான். மேவிஸின் குரல் கிழித்துக்கொண்டு எழும்பியது. பாதிக் கூட்டம் முணுமுணுத்தபடி வெளியேறியது. ஆடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கால் பின்னியது. பட்டறைப் பெண்கள் மட்டும் தொண்டை கிழிய "ஐவி!" என்றார்கள். அப்புறம் பின்னாலிருந்தும் சில குரல்கள் சேர்ந்தன.

பாட்டு முடிவதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள், மைக்கும் செத்துவிட்டது. இருட்டில் மேவிஸ் மேடை விளிம்பில் குந்தினாள்.

"கேட்டுச்சாடி?"

"கேட்டுச்சு," என்றாள் ஐவி. அழுதுகொண்டிருந்தாள். "இன்னொருவாட்டி என் பேரச் சொல்லு."