மாறியது, தீரவில்லை

காலை ஒன்பது இருபது. அந்தமான் டாலிகஞ்சில், சுனாமிக்குப் பிறகு போட்ட தகரக் கொட்டகைப் பள்ளியில் நான் முதலில் பார்த்தது கரும்பலகையை. அதில் ஓர் ஆல்ஃபா துகள் அணுக்கருவை நோக்கி நேராகப் போய், அருகே ஒரு கணம் நின்று, வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. கீழே, ‘இயக்க ஆற்றல் நிலையாற்றலாக மாறியது’ என்று எழுதியிருந்தது.

வரைந்தவர் இயற்பியல் ஆசிரியை. ஒல்லியான உருவம், கணீரென்ற குரல். கொட்டகைக்குக் கதவில்லாததால் டஸ்டரை எப்போதும் கைப்பையில்தான் வைத்திருப்பார்.

குறிப்பெடுக்க நான் உடன் வந்திருந்த ஆய்வு அதிகாரி பலகையைத் தட்டினார். “அரே மேடம், நின்னுடுச்சுன்னா ஆற்றல் தீர்ந்துபோச்சுன்னு எழுதுங்க. பசங்களைக் குழப்பாதீங்க. அத அழிங்க.”

“தீர்ந்துபோச்சுன்னா, அதே வேகத்துல எதை வச்சு சார் திரும்பி வருது?”

“வாய் பேசினா மாற்றல் வரும், பாத்துக்குங்க.”

“மாற்றல்தானே சார்? தீர்ந்தா போயிடுவேன்?”

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி தானே அழிக்க டஸ்டரைத் தேடினார். ஆசிரியை கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

அடுத்த வாரம் அவரை, கப்பலில் போகவேண்டிய லாங் ஐலண்டுத் தீவுக்கு மாற்றினார்கள். டஸ்டர் அவரோடு போயிற்று. படம் பலகையிலேயே இருந்தது.