குழிக்குள் விட்ட மழை

என் கணவருக்கு முப்பது வருடமும் ஒரே வேலைதான்: தண்ணீரை விரட்டுவது. பழுப்பு நிலக்கரி தோண்டும் திறந்தவெளிச் சுரங்கத்தில் மோட்டார் ஓட்டினார். அடியிலிருந்து ஊறிவரும் நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே கரி வெட்ட முடியும். கல்யாணமான புதிதில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒரு ஊரே உள்ளே இறங்கிவிடும், அவ்வளவு பெரிய பள்ளம். அதைவிட என்னை வாயடைக்க வைத்தது எதிர்ப்புறம் இருந்த முந்திரித் தோப்பு. அதுவும் ஒரு காலத்தில் பள்ளமாம். அதை மூடி, தனியாக எடுத்து வைத்திருந்த மேல்மண்ணைக் கடைசியில் பரப்பி, மரம் வைத்திருக்கிறார்கள். நான் நம்பாமல் குனிந்து மண்ணைக் கிளறிப் பார்த்தேன்.

அந்தத் தைரியமோ என்னவோ, குன்றாண்டார்கோவில் பக்கம் அப்பா எனக்கு எழுதிவைத்த நிலத்தைக் கல் குவாரிக்குக் குத்தகை கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். கல்லை எடுத்த பிறகு மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரிய புத்திசாலி என்று எனக்கு நினைப்பு.

கணவர் ஓய்வு பெற்று நாங்கள் ஊர் திரும்பியபோது குத்தகை முடிந்திருந்தது. நிலம் இருந்த இடத்தில் ஒரு பனை ஆழத்துக்குப் பள்ளம். குவாரிக்காரர்கள் அதில் ஊறிய நீரை வெளியே இறைக்க இறைக்க, வேலிக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்கார அக்காவின் கிணற்று ஊற்றும் பாறை இடுக்கு வழியாக இங்கேயே வடிந்து, கிணறு வறண்டுவிட்டது. தன் கணவர் இறந்த பிறகு அக்கா தனியாளாகக் குடம் குடமாக ஊற்றி வளர்த்த பதினோரு தென்னைகளும் மட்டை தொங்கிச் செத்துப்போயின. அவர் சண்டைக்கு வரவில்லை. நான் ஊருக்கு வந்தபோதெல்லாம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன்.

அந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் திரும்ப வேண்டும். அது நடக்காமல் அந்த ஊரில் என்னால் நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்ன முடியாது என்று என் கணவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் உற்சாகமாக இறங்கினார். கல் கழிவோடு குவித்துப் போட்டிருந்த மேல்மண்ணைச் சீமைக்கருவேலத்துக்கு நடுவே தேடிக் கண்டுபிடித்து, பொக்லைன் வைத்து அள்ளி, பள்ளத்தைச் சுற்றிப் பரப்பினார். புல் நட்டோம். பிறகு இடுப்பளவுக்குச் சுற்றிலும் ஒரு கரை போட்டார். ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. குடையோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். மேட்டிலிருந்து வந்த வெள்ளமெல்லாம் கரையைச் சுற்றிக்கொண்டு ஓடையில் போய் விழுந்துகொண்டிருந்தது. பள்ளத்தின் அடியில் முழங்கால் நனையக்கூடத் தண்ணீர் இல்லை. அவரோ இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, ஒரு சொட்டு உள்ளே விடவில்லை பார் என்று பெருமையடித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் குடையைக் கீழே போட்டேன். “இங்க தண்ணிய உள்ள விடணுங்க. நீங்க இன்னும் சுரங்கத்துலயே நிக்கிறீங்க.”

அவர் கரையைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. நனைந்துகொண்டே மண்வெட்டி எடுத்து மேட்டுப் பக்கத்துக் கரையை வெட்டினார். சேறு உள்ளே போய்ப் பாறை இடுக்கை அடைத்துவிடாமல் இருக்க, வெட்டிய வாய்க்கு முன்னால் ஒரு குழி தோண்டி, ஜல்லி கொட்டி, வெட்டிவேர் நட்டோம். மண் அதில் தங்கி, தெளிந்த நீர் மட்டும் உள்ளே போகும். இது சுரங்கத்தில் கற்றதாக்கும் என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டார்.

கார்த்திகை மழையில் பள்ளம் பாதிக்கு மேல் நிரம்பியது. வெடி வைத்துப் பிளந்த பாறைச் சுவரில் தண்ணீர் ஏறி அசையாமல் நின்றது. எங்கிருந்தோ இரண்டு முக்குளிப்பான் பறவைகள் வந்து நீந்தின. நான் தினமும் வேலியோரம் போய் நின்றேன். அக்கா தலை நிமிரவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “இங்கிட்டு வா.”

ஆறு வருடத்தில் அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை. ஓடினேன். கிணற்றுக்குள் பார்க்கச் சொன்னார். கீழே, எங்கள் நிலத்துப் பக்கச் சுவரில், பாறை இடுக்கிலிருந்து விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் பட்ட இடத்தில் நெளிந்தது. யாரும் குழாய் போடவில்லை, மோட்டார் போடவில்லை. அவ்வளவு கல்லுக்குள் அது எப்படி வழி கண்டுபிடித்தது? என்னையறியாமல் கை கூப்பினேன், தண்ணீருக்கா அக்காவுக்கா என்று எனக்கே தெரியவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். அக்கா கிணற்றிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினார்.

“தண்ணி வந்துருச்சு. எனக்கு வயசு திரும்பி வருமா? பதினோரு தென்னங்கன்னு வாங்கிட்டு வா. ஒன் வீட்டுக்காரரக் குழி வெட்டச் சொல்லு. குடம் தூக்க எனக்கு முடியாது, நீதான் ஊத்தணும்.”

இப்போது தினமும் காலையில் பதினோரு குடம் ஊற்றுகிறேன். அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து எண்ணுகிறார்.